கண்ணாடி அக்கா பள்ளிக்கூடம் போன கதை

வீடு மாற்றிக்கொடுக்கும் கம்பெனியில் அவளுக்குக் கண்ணாடி அக்கா என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் நாள் அவள் மூக்கைத்தான் பார்ப்பார்கள். அங்கே கண்ணாடி எதுவும் இருக்காது. மற்றவர்கள் கட்டிலையும் பீரோவையும் கழற்றிக்கொண்டிருக்கையில் அவள் நேரே சமையலறைக்குள் போய், தரையில் சம்மணமிட்டு, மடியில் பழைய செய்தித்தாளைப் பரப்பி, பிறந்த குழந்தையைத் துண்டில் சுற்றுவதுபோல் ஒவ்வொரு தம்ளராகச் சுற்ற ஆரம்பிக்கும்போதுதான் விஷயம் புரியும். பீங்கான் தட்டு, ஆளுயரக் கண்ணாடி, மீன் தொட்டி எல்லாம் அவள் பொறுப்பு. அவள் கையில் இதுவரை எதுவும் உடைந்ததே இல்லை என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் அளப்பார். அது சுத்தப் பொய். உடைந்திருக்கிறது. உடைந்தால் மறைக்காமல் போய்ச் சொல்லிவிடுவாள், அவ்வளவுதான்.

ஊரார் வீட்டை இத்தனை நேர்த்தியாகக் கட்டுகிறவள் தன் அறையை எப்படி வைத்திருப்பாள் என்று யாரும் ஆசையாகப் போய்ப் பார்த்துவிட வேண்டாம். அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை அவளுக்கு. சீப்பு ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும். சாவி செருப்புக்குள் இருக்கும். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "பகல் முழுக்கச் சுமை தூக்குறது போதாதா, ராத்திரியும் தூக்கணுமா?" என்று சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாள். வாய் பெரிசு, குரல் அதைவிடப் பெரிசு. தெருமுனையில் அவள் பேசினால் வீட்டில் அண்ணி அடுப்பைப் பற்றவைப்பாள்.

அண்ணன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். வாரக் கடைசியில்தான் முகம் தெரியும். அண்ணி பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். அந்த வருஷம் அவளைக் காலை ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள். வெளிச்சம் வருவதற்குள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அப்படித்தான் வக்கீலைப் பள்ளிக்கு அனுப்பும் வேலை கண்ணாடி அக்காவின் தலையில் வந்து விழுந்தது.

வக்கீல் என்பது அண்ணன் மகள். வயது பன்னிரண்டு. பட்டப்பெயர் அத்தை வைத்தது. "ஒரு நிமிஷத்துல வரேன்" என்று சொல்லிவிட்டு வாசலில் யாருடனாவது பேசிக்கொண்டு நின்றால், "அத்தை, இதோட ஒன்பது நிமிஷம்" என்று பின்னால் குரல் வரும். "உயிரை வாங்காதேடி" என்றால், "நான் எதுவும் வாங்கலையே" என்று நிஜமாகவே குழம்பிப்போய்ப் பார்ப்பாள். சொன்ன சொல்லுக்கு என்ன அர்த்தமோ அதுதான் அவளுக்கு அர்த்தம். சில வருஷங்களுக்கு முன் ஒரு டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு ஆஸ்பெர்கர்ஸ் என்றார். இப்போதெல்லாம் அதை ஆட்டிசம் என்ற பெரிய குடைக்குள் சேர்த்துவிட்டார்கள், பழைய பெயரைச் சொல்வதில்லை என்று அடுத்த டாக்டர் விளக்கினார். வக்கீல் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய பெயருக்கு எழுத்துக்கூட்டிப் பழகிவிட்டதாகவும், பாதியில் மாற்றுவது முறையில்லை என்றும் அந்த டாக்டரிடமே சொல்லிவிட்டாள்.

புத்திக்குக் குறைவே இல்லை. லிஃப்டுகளைப் பற்றி அவளுக்குத் தெரியாதது கிடையாது. எந்தக் கட்டடத்தில் எந்தக் கம்பெனி லிஃப்ட், எத்தனை பேர் ஏறலாம், கயிறு அறுந்தால் எது பிடித்துக்கொள்ளும் என்று அக்கு வேறு ஆணி வேறாகச் சொல்வாள். ஐந்தாம் வகுப்புவரை பிரச்சினையும் இல்லை. ஒரே அறை, ஒரே டீச்சர், ஒரே பெஞ்சு. நடுநிலைப் பள்ளிக்குப் போனதும் வந்தது வினை. பாடத்துக்கு ஓர் அறை, அறைக்கு ஓர் ஆசிரியர். மணி அடித்ததும் நூறு பிள்ளைகள் நடைபாதையில் முட்டி மோதி ஓடுவார்கள். அந்தச் சத்தத்தில் வக்கீலின் கையிலிருந்து பொருள்கள் உதிர ஆரம்பித்தன. குடை போனது. ஜியாமெட்ரி பெட்டி போனது. சாப்பாட்டு டப்பா போனது, அதன் மூடி மட்டும் பத்திரமாக வீடு திரும்பியது.

"இது ஒரு பெரிய விஷயமா அண்ணி?" என்றாள் கண்ணாடி அக்கா. "மூணு மாடி வீட்டையே ஒரு ஊசி தொலையாம ஏத்தி இறக்குறேன். ஒரு ஸ்கூல் பைதானே, என்கிட்ட விடுங்க."

அண்ணி அன்று இரவு நிம்மதியாகத் தூங்கப் போனாள்.

அக்கா கம்பெனியிலிருந்து ஸ்டிக்கர் சுருளைக் கொண்டுவந்து நோட்டு, புத்தகம், பென்சில் பெட்டி எல்லாவற்றிலும் ஒட்டினாள். கையில் கிடைத்தது "கவனம், உடையும் பொருள்" என்ற சிவப்பு ஸ்டிக்கர்தான். காலையில் எடுக்க வேண்டியதையெல்லாம் ஒரு பெரிய தாளில் எழுதிக் கதவில் ஒட்டினாள். வக்கீலுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. மறுநாள் கதவு முன் நின்று ஒவ்வொன்றாகப் படித்து, பைக்குள் வைத்து, டிக் போட்டு, சந்தோஷமாகக் கிளம்பிப் போனாள். அக்கா தேநீரை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அத்தனையும் அடங்கிய பை கதவருகே சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது.

தூக்கிக்கொண்டு தெருவில் ஓடிப் பிடித்தாள். "பையை விட்டுட்டுப் போறியே!"

"தாள்ல பையை எடுன்னு இல்லையே அத்தை."

அடுத்து அலாரம் அடிக்கும் கைக்கடிகாரம். பள்ளி விடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு அடிக்கும். அடித்ததும் பள்ளியில் தனக்கென்று உள்ள அலமாரிக்குப் போய்ப் பொருள்களை எடுத்து வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் வரலாற்றுப் பரீட்சைக்கு நடுவில் அது அடித்தது. வக்கீல் பாதி எழுதிய வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, அலமாரிக்குப் போய், எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அப்புறம் வண்ணங்கள். கணக்குக்கு நீல அட்டை, அறிவியலுக்குப் பச்சை, மொழிக்கு மஞ்சள். முதல் நாளே வக்கீல் முறையிட்டாள்: "அறிவியல் ஏன் பச்சை? யார் முடிவு பண்ணினா?" அக்காவிடம் பதில் இல்லை. பதில் இல்லாத விஷயத்தை வக்கீலின் மூளை வைத்துக்கொள்ளாது.

இப்படியே போய், ஒரு நாள் காலை ஒரு ஷூ காணோம். ஒன்று மட்டும்.

"ஒத்தை ஷூவை எப்படிடி தொலைப்பே? நொண்டிக்கிட்டா வீட்டுக்கு வந்தே?"

"விளையாட்டு ஷூ போட்டுக்கிட்டு வந்தேன்."

"எத்தனை தடவை சொல்றது? மூளையைக் கழட்டி எங்கேயாவது வச்சுட்டியா?"

அக்கா வேண்டுமென்று கத்தவில்லை. ஒன்பது மணிக்கு ஒரு பெரிய வீட்டில் வேலை, கம்பெனி லாரி தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அவள் குரல் அவள் குரலாயிற்றே. வக்கீல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டாலும் வெளியே வரவில்லை.

கண்ணாடி அக்கா ஹாரன் வந்த பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு போனை எடுத்து, "நீங்க போங்க, நான் பஸ்ல வந்துடறேன்" என்று லாரிக்காரனிடம் சொன்னாள். பிறகு அவளும் மேஜைக்கு அடியில் நுழைந்தாள். அவள் உடம்புக்கு அது லேசுப்பட்ட காரியமில்லை. தலை இடித்தது, முழங்கால் ஒரு நாற்காலிக் காலோடு மல்லுக்கட்டியது. ஒருவழியாக உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு இருந்தாள். அவளைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள், ஆனால் வெகுநேரம் மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

கடைசியில் வக்கீல் மேஜையின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க சொல்றது எல்லாம் எனக்குத் தெரியும் அத்தை. கதவைத் தாண்டினதும் இல்லாமப் போயிடுது. நான் போகச் சொல்லலை."

கம்பெனியில் எந்தப் பெட்டி உடைந்தாலும், தூக்கினவனைத் திட்டுவதற்கு முன் கட்டினது சரியா என்று பார்ப்பவள் அக்கா. இங்கே மட்டும் எப்படி மறந்துபோனாள்?

"சரி கண்ணு," என்றாள். "தப்பு கட்டினவ மேல. நான் வேற மாதிரி யோசிக்கிறேன்."

"நீங்க எதைக் கட்டினீங்க?"

"ஒண்ணுமில்லை, விடு. முதல்ல என்னை வெளியில இழு."

அந்த வாரமே பள்ளியிலிருந்து போன் வந்தது. கணக்கில் வக்கீல் இந்தப் பருவம் முழுக்க ஒரு வீட்டுப்பாடம்கூடக் கொடுக்கவில்லையாம். பெற்றோர் வந்து பார்க்க வேண்டுமாம். அண்ணிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அண்ணன் எங்கோ ஒரு நெடுஞ்சாலையில் இருந்தார். கண்ணாடி அக்கா கம்பெனிச் சட்டையோடு, விரல்களில் செய்தித்தாள் மையோடு, போய் நின்றாள்.

வகுப்பு டீச்சர் மெலிந்த, அமைதியான பெண். கணக்கு சார் இளைஞர், கண்ணைப் பார்த்தாலே மூன்று நாளாகத் தூங்காதவர் என்று தெரியும், வீட்டில் கைக்குழந்தையாம்.

"கெட்டிக்காரப் பொண்ணுங்க," என்றார் அவர். "வகுப்புல கேட்டா டக்குன்னு பதில் சொல்றா. ஆனா ஒரு வீட்டுப்பாடம்கூடச் செய்யலை. நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன்."

"செய்யலையா?" கண்ணாடி அக்காவின் குரல் உயர்ந்தது, பக்கத்து அறையில் பாடம் ஒரு கணம் நின்றது. தணித்துக்கொண்டாள். "சார், தினமும் சாயங்காலம் என் கண்ணு முன்னாடி உட்கார்ந்து செய்யறா. நான் பார்க்கறேன். எனக்குப் புரியாது, ஆனா பார்க்கறேன்."

மூன்று பேரும் ஓரமாக நின்ற வக்கீலைப் பார்த்தார்கள். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"செஞ்சதையெல்லாம் என்ன பண்ணினே கண்ணு?"

"கொடுத்தேன்."

"யாருகிட்ட?"

"யாருகிட்டயும் இல்லை. சார் மேஜையில வைக்கச் சொன்னாங்க. மேஜையில வச்சேன்."

"என் மேஜையில எதுவும் இல்லையேம்மா," என்றார் சார் பொறுமையாக.

கண்ணாடி அக்காவுக்கு ஏதோ பொறிதட்டியது. வாடிக்கையாளர்கள் "அந்தப் பெட்டியை ரூம்ல வைங்க" என்பார்கள். வீட்டில் நாலு ரூம் இருக்கும். எத்தனை தடவை பட்டிருக்கிறாள்!

"பேச வேண்டாம்," என்றாள். "எங்க வச்சேன்னு காட்டு."

வக்கீல் முன்னே நடந்தாள். கணக்கு அறை காலியாக இருந்தது. பெரிய மேஜையை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகக் கடைசி வரிசைக்குப் போய், தான் உட்காரும் மேஜையின் வலது மூலையில் விரலை வைத்தாள். "இங்க."

கணக்கு சார் மெல்லப் பிள்ளைகள் உட்காரும் ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். "முடிச்சவங்க மேஜையில வச்சுட்டுப் போங்கன்னு சொல்வேன்," என்றார் தனக்குத்தானே. "எந்த மேஜைன்னு சொன்னதே இல்லை."

"சொன்னதில்லை," என்று வக்கீல் உறுதிப்படுத்தினாள்.

"மத்த பிள்ளைங்க எல்லாம் எழுந்து என்கிட்ட வருவாங்களே, அதைப் பார்க்கலையா?"

"அவங்க உங்ககூடப் பேசப் போறாங்கன்னு நினைச்சேன்."

இப்போது அந்தத் தாள்கள் எங்கே? சாயங்காலம் அறைகளைப் பெருக்கும் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் துடைப்பத்தோடு வந்து, "மேஜை மேல எது கிடந்தாலும் நான் தூக்கி எறியறதில்லைங்க, படிக்கிற பிள்ளைங்க பொருளாச்சே" என்று, மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் காட்டினார். தொலைந்த பொருட்கள் என்று எழுதியிருந்தது.

கண்ணாடி அக்கா குனிந்து கையை விட்டாள். பெட்டி காலி செய்வது அவளுக்குப் புதிதா? முதலில் குடை வந்தது. பிறகு மூடியில்லாத சாப்பாட்டு டப்பா. ஜியாமெட்ரி பெட்டி. ஒற்றை ஷூ. அடியில் கத்தையாக, சற்றே கசங்கி, அந்தப் பருவத்துக் கணக்கு வீட்டுப்பாடம் மொத்தமும்.

"ஏன் கண்ணு, இந்தப் பெட்டியில ஒரு தடவையாவது பார்த்திருக்கலாமே?"

"தொலைஞ்ச பொருள்னு எழுதியிருக்கே அத்தை. என் வீட்டுப்பாடம் தொலையலை. எங்க வச்சேன்னு எனக்குத் தெரியுமே."

"அப்போ குடை?"

வக்கீல் யோசித்தாள். "குடைக்குப் பார்த்திருக்கலாம்," என்று ஒப்புக்கொண்டாள்.

முதலில் சிரித்தது கணக்கு சார்தான். தூக்கம் கெட்ட மனிதர் சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதோடு அந்தத் தாள்களை ஒன்றுவிடாமல் வீட்டுக்கு எடுத்துப்போய்த் திருத்தினார்.

போவதற்கு முன் வகுப்பு டீச்சர் ஒரு காரியம் செய்தாள். அதுவரை யாருக்கும் தோன்றாத காரியம். வக்கீலின் பக்கம் திரும்பி, "உனக்கு எப்படி இருந்தா வசதியா இருக்கும்? நீயே சொல்லு" என்றாள்.

கண்ணாடி அக்கா வாயைத் திறந்தாள், உடனே மூடிக்கொண்டாள். நாம்தான் கேட்டிருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வக்கீல் தயாராகவே இருந்தாள்; இதற்காகவே யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தவள்போல் சொன்னாள். ஏழு பாடத்துக்கு ஏழு அட்டை வேண்டாம், ஒன்றே ஒன்று போதும். அதுவும் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் உறையாக இருக்க வேண்டும். மூடிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்பது அவளுக்கு நினைவிருக்காது. புத்தகங்கள் இரண்டு செட் வேண்டும், ஒன்று வீட்டில், ஒன்று பள்ளியில். புத்தகம் ஏன் தினமும் பயணம் செய்ய வேண்டும்? அப்புறம், மணி அடித்து எல்லோரும் ஓடி முடித்த பிறகுதான் அவள் அலமாரிக்குப் போவாள். கூட்டத்தில் நின்றால் தலைக்குள் எதுவும் நிற்பதில்லை.

"லிஃப்ட்ல அளவுக்கு மேல ஆள் ஏறினா கதவு மூடாது," என்று விளக்கமும் கொடுத்தாள். "அது கெட்டுப்போச்சுன்னு யாரும் சொல்றதில்லை. சிலர் இறங்கினா சரியாயிடும்."

வகுப்பு டீச்சர் அவளைக் கடைசி மணிக்குக் கொஞ்சம் பிந்தி அனுப்ப ஒப்புக்கொண்டாள். அந்த நேரத்தில் தானும் அலமாரியருகே வந்து நிற்பதாகச் சொன்னாள். பழைய புத்தகங்களில் ஒரு செட் நூலகத்தில் கிடைத்தது. கணக்கு சார் தன் மேஜையில் ஒரு நீலத் தட்டை வைத்தார். மறுநாளிலிருந்து, "முடிச்சவங்க இப்பவே எழுந்து வந்து, என் மேஜையில, இந்த நீலத் தட்டுல வைங்க" என்றார். அதற்குப் பிறகு இன்னும் சில பிள்ளைகளிடமிருந்தும் வீட்டுப்பாடம் ஒழுங்காக வர ஆரம்பித்ததாம். அவர்கள் இத்தனை நாள் எங்கே வைத்தார்கள் என்பதை யாரும் விசாரிக்கவில்லை.

அக்கா தன் பங்குக்கு ஒன்று மட்டும் செய்தாள். பெரிய வீடுகளில் கண்ணாடி அலமாரியைக் காலி செய்வதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது அவள் வழக்கம். புது வீட்டில் அதைப் பார்த்து அதேபோல் அடுக்கிவிடலாம். அன்று இரவு வக்கீல் பையைச் சரியாக அடுக்கி முடித்ததும் அதைத் திறந்துவைத்து ஒரு படம், தோளில் மாட்டி, ஷூ போட்டு நிற்கும் வக்கீலை ஒரு படம். இரண்டையும் அச்செடுத்து ஒன்றைக் கதவிலும் ஒன்றைப் பள்ளி அலமாரியின் உள்பக்கமும் ஒட்டினார்கள். இதில் படிக்க ஒன்றுமில்லை. படத்தில் இருப்பதுபோல் இருந்தால் கிளம்பலாம். இல்லையென்றால் எது குறைகிறது என்று கண்ணே சொல்லிவிடும்.

"இந்தப் படத்துல நான் சிரிக்கிறேன்," என்றாள் வக்கீல். "தினமும் சிரிக்கணுமா?"

"அது உன் இஷ்டம்."

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று சொன்னால் கம்பெனி முதலாளி அளப்பதுபோல் ஆகிவிடும். குளிர் நாளில் ஸ்வெட்டர் இரண்டு முறை தொலைந்தது. பிளாஸ்டிக் உறையை ஒரு முறை பஸ்ஸில் விட்டாள். ஒரு நாள் கதவில் இருந்த படம் கீழே விழுந்துவிட, அதைத் தேடி எடுத்து ஒட்டுவதற்குள் முதல் வகுப்பு முடிந்தே போனது. ஆனால் மேஜைக்கு அடியில் போக வேண்டிய அவசியம் குறைந்தது. போனாலும், அண்ணியோ அத்தையோ பக்கத்தில் உட்காரப் பழகிவிட்டார்கள். அண்ணன்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தார்; அங்கே நல்ல குளிர்ச்சி என்றார்.

பருவம் முடியும்போது வகுப்போடு சேர்ந்து இரண்டு நாள் சுற்றுலா. வெளியே ஒரு இரவு தங்கல். "போக வேண்டாம்னு சொல்லிடலாமா?" என்று அண்ணி கண்ணாடி அக்காவைத் தனியாகக் கேட்டாள். வக்கீலுக்குக் காது கூர்மை. "நான் போறேன்," என்று உள்ளேயிருந்து சொன்னாள். பெட்டியை அவளே அடுக்கினாள். அவளே படமும் எடுத்துக்கொண்டாள். அத்தையை நாற்காலியில் உட்கார வைத்து, கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அக்காவுக்கு விரல் துறுதுறுத்தது. சட்டையை இன்னும் நன்றாகச் சுருட்டலாமே என்று நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்த அன்று அண்ணியும் அவளும் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். பல் தேய்க்கும் பிரஷ் இருந்தது. துண்டு இருந்தது. சாக்ஸ் ஜோடி ஜோடியாக இருந்தது. அதற்கு மேல், பூப்போட்ட இன்னொரு துண்டும் இருந்தது.

"இது யாருதுடி?"

"என் பக்கத்துப் படுக்கையில இருந்தவளோடது. அவ மறந்துட்டா. படத்துல இல்லாத பொருள் ஒண்ணு அறையில கிடந்தது, அதனால கண்டுபிடிச்சேன். அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். நாளைக்கு வருவா."

மறுநாள் அந்தப் பெண் வந்தாள். இரட்டைச் சடை, சளசளவென்று பேச்சு. துண்டை வாங்கிக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தார்கள். போகவில்லை. இரண்டு பேரும் அறைக்குள் போனார்கள். உள்ளே ஒரு குரல் கேட்டது, இன்னொரு குரல் பதில் சொன்னது, பிறகு யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். அண்ணி சமையலறையில் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு தம்ளரில் பால் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

"வைங்க அத்தை," என்றாள் வக்கீல் திரும்பிப் பார்க்காமல்.

"எங்க வைக்கட்டும்?"

"ஜன்னல் பக்கம் இருக்கிற சின்ன மேஜையில, இடது ஓரத்துல. அப்புறம் கதவைச் சாத்திட்டுப் போங்க. நாங்க பேசிக்கிட்டிருக்கோம்."

அக்கா சொன்ன இடத்தில் வைத்தாள். சொன்னபடி கதவைச் சாத்தினாள். சமையலறை வாசலில் நின்ற அண்ணியைப் பார்த்து, உதட்டின் மேல் விரல் வைத்து, வாழ்க்கையில் முதல் முறையாகச் சத்தமில்லாமல் சிரித்தாள்.